விக்டோரியா கால ஆண்களையும் பாடமாக்குங்கள்

பல்கலைக்கழகங்களின் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

விக்டோரியா கால நாவல்களை நடத்தும்போது, பாலினம் என்ற பேச்சு பெரும்பாலும் பெண் பாத்திரங்களோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் அடைபட்ட மனைவியைப் பற்றியும் பிழைப்புக்காகப் பணக்கார வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் கவர்னஸ் வேலைக்குப் போகும் ஏழைப் பெண்ணைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் அவர்களை அடைத்து வைத்த ஆண், அப்படிப்பட்டவனாக எப்படி வளர்க்கப்பட்டான் என்று நாம் கேட்பது அரிது. அந்தக் கேள்வியை முகத்துக்கு நேராகக் கேட்கும் ஒரு நாவலை, 1848இல் ஆன் பிரான்ட்டி புனைபெயரில் வெளியிட்ட ‘தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹாலை’, பாடமாக வைக்க வேண்டுகிறேன்.

அதில் நாயகி ஹெலனின் கணவன் ஹண்டிங்டனும் அவனுடைய குடிகார நண்பர்களும் அவனது சின்னஞ்சிறு மகனை அழைத்து, அப்பாவைப் போல ஒயின் குடிக்கவும், கெட்ட வார்த்தை பேசவும், தடுக்க வரும் தாயைத் தொலைந்து போ என்று விரட்டவும் பழக்குகிறார்கள், அதுதான் ஆண்மையாம். தாய் ஹெலனோ பிறகு ஒயினில் வாந்தி மருந்தைக் கலந்து கொடுத்து, அந்த வாடையே பிள்ளைக்குக் குமட்டும்படி செய்கிறாள். இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தால் பையன் தொடைநடுங்கியாகிவிடுவான் என்று அக்கம்பக்கத்து மார்க்கம் அம்மையார் கண்டிக்கும்போது, பெண்ணைத் தீமையின் நிழல்கூடப் படாமல் காக்க வேண்டும், ஆணை மட்டும் அதிலேயே இறக்கிவிட்டுப் பழக்க வேண்டும் என்றால் அது என்ன நியாயம் என்று அவள் வாதிடுகிறாள்.

ஓவியம் விற்றுப் பிழைக்க அவள் போட்ட திட்டம் தெரிந்ததும், கணவன் அவளுடைய தூரிகைகளையும் வண்ணங்களையும் நெருப்பில் எறிகிறான். அன்றைய இங்கிலாந்தில் மனைவியின் சம்பாத்தியம் கணவனுக்கே சொந்தம். அதை அவளுடையதாக்கிய சட்டம் 1870இல்தான் வந்தது. சிறு பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்கக் கோரித் தாய் மனுச் செய்ய வழி பிறந்ததே 1839இல். அதற்கும் முந்திய 1820களில் நடக்கும் கதை இது. சட்டம் இவ்வளவையும் தூக்கிக் கொடுத்த ஒருவனுக்குத் தன்னை அடக்கிக்கொள்ள யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதை ஆன் பிரான்ட்டி துளியும் பூசி மெழுகாமல் எழுதினார். 1849இல் அவர் மறைந்த பிறகு, கதைக்கருவே தவறான தேர்வு என்று கருதிய அக்கா சார்லட் மறுபதிப்புக்கு இசையவில்லை. அக்காவின் ‘ஜேன் ஐர்’ நாவலுக்குக் கிடைத்த இடம் தங்கைக்கு இன்றும் கிடைக்காதது எனக்குத் தீராத வருத்தம்.

ஏற்கெனவே பாடமாக உள்ள, சார்ல்ஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலின் கொல்லர் ஜோவையும் மனைவிக்கு அடங்கிய அப்பாவி என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. தாயைத் தந்தை அடித்து நொறுக்கியதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். சம்மட்டி பிடிக்கும் கையை வீட்டில் ஓங்குவதில்லை என்பது அவராக எடுத்த முடிவு. அந்த முடிவுக்கு விலையாகச் சிறுவன் பிப், ஜோவின் மனைவியான தன் அக்காவிடம் பிரம்படி வாங்குகிறான் என்பதும் மாணவர்கள் விவாதிக்க வேண்டியதே.

முழு நாவலுக்கு இடமில்லையென்றால், ஆன் பிரான்ட்டியின் 3ஆம் அத்தியாயத்தையும் 39 முதல் 41 வரையிலான அத்தியாயங்களையுமாவது சேருங்கள். ஆண் பாத்திரங்களின் வளர்ப்பைப் பற்றி வினாத்தாளில் ஒரு வினாவுக்கும் இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஆங்கில இலக்கிய ஆசிரியர் ஒருவர்