பாப்பாவுக்கு அப்பா எழுதுறது

பாப்பா,

நேத்து போன்ல நீ அழுதத அம்மாகிட்ட சொல்லல, பிரெஷர் ஏறிரும் அவளுக்கு. எனக்கு போன்ல பேச்சு வராது உனக்கே தெரியும், அதான் ராத்திரி உக்காந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்க.

நீ வரையுறதெல்லாம், சுவத்துல தகடு வச்சுப் படம் அடிக்குற அந்த பேங்ஸி வரைஞ்ச மாதிரியே இருக்குன்னு உங்க வாத்தியார் சொல்லிட்டாருன்னுதான அழுகை? நீ அவனோட ஊரான பிரிஸ்டலுக்குப் போனதுலருந்து அந்தாளப் பத்தி நானும் தேடித் தேடிப் படிச்சுட்டுத்தான் இருக்கேன். மொதல்ல கோவம்தான் வந்துச்சு. பார்க் ஸ்ட்ரீட்ல ஜன்னல்ல ஒருத்தன் அம்மணமா தொங்குற மாதிரி அவன் வரைஞ்ச படம் அனுப்புனியே, அம்மா பாத்துட்டு இதுக்கா லோன் போட்டு அனுப்புனோம்னு கேட்டா, நான் என்னத்த சொல்ல. அப்புறம் படிச்சா, 2006ல அத அழிக்கலாமா வேணாமான்னு கவுன்சிலே ஜனங்ககிட்ட ஓட்டு கேட்டுருக்கு, 97 சதவீதம் பேர் இருக்கட்டும்னுட்டாங்களாம். சரி, ஊரே சொன்னப்புறம் நம்ம என்ன.

ஆனா என்னைய அப்படியே நிறுத்துனது அந்த லாரி கதைதான். 18 வயசுல கூட்டாளிகளோட ரயில் பெட்டியில எழுதிக்கிட்டு இருந்துருக்கான், போலீஸ் வந்துருச்சு, மத்தவனெல்லாம் ஓடிட்டான், இவன் மட்டும் ஒரு லாரிக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டு மேல ஆயில் சொட்டச் சொட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல கெடந்துருக்கான். வரையுற நேரத்தப் பாதியாக் கொறைக்கணும், இல்ல இந்தத் தொழிலையே விடணும்னு யோசிச்சுட்டே நிமிந்து பாத்தா டேங்க்ல தகடு வெட்டி அடிச்ச எழுத்து! அதுலருந்துதான் ஸ்டென்சிலாம், அவனே சொல்லிருக்கான். லாரி டேங்க்ல டீசல் டீசல்னு நான் எத்தன வண்டிக்கு அடிச்சிருப்பேன் பாப்பா. கையெழுத்து நல்லா இருக்கவன் பிரஷ்ல எழுதுவான், வராதவன்தான் தகடு வெட்டுவான்னு எங்களுக்குள்ள ஒரு எளக்காரம் இருந்துச்சு, நானும் அப்படிப் பேசுனவன்தான்.

சரி, வாத்தியார் சொன்னதுக்கு வரேன். பேங்ஸி மட்டும் யாரு? சின்னப் பையனா இருக்கும்போதே அங்க த்ரீ-டின்னு ஒருத்தர் சுவரெல்லாம் வரைஞ்சு வச்சதப் பாத்து வளந்தவன், அவர் பின்னாடி மாஸிவ் அட்டாக்னு பாட்டு குரூப்ல போய்ட்டாரு. அவன் அடிக்கடி வரையுற அந்த எலி இருக்கே, அது பாரிஸ்ல பிளெக் லெ ரான்றவர் 1981லயே தெருத்தெருவா அடிச்சது, இங்கிலீஷ்ல எலியோட எழுத்த மாத்திப் போட்டா ஆர்ட்னு வருதாம், நல்லாத்தான் இருக்கு. நான் புதுசுன்னு நெனச்சு எதச் செஞ்சாலும் இந்தாளு 20 வருசம் முன்னாடியே செஞ்சு வச்சுருக்காருன்னு பேங்ஸியே பொலம்பிருக்கான். அந்த பிளெக்கும் நியூயார்க் சுவரப் பாத்துட்டு வந்தவருதான், ஸ்டென்சில் ஆசை வந்தது சின்ன வயசுல இத்தாலியில ஒரு சுவத்துல முசோலினி மூஞ்சி அடிச்சிருந்ததப் பாத்தாம். சர்வாதிகாரி விட்டுட்டுப் போன வித்தை எலியாகி லண்டனுக்கு வந்துருக்கு பாரு.

பாத்து செய்யுறது ஒண்ணு, அடுத்தவன் மேல பூசுறது வேற. கேம்டன்ல கால்வா ஓரமா ராபோன்னு ஒருத்தர் 1985ல எழுதுனது 2009 வரைக்கும் நின்னுருக்கு. அது மேல போய் பேங்ஸி வால்பேப்பர் ஒட்டுற ஆள வரைஞ்சுட்டான். என்னதான் பெரிய ஆளா இருந்தாலும் அது தப்பு, சீனியர் எழுதுன சுவத்துல கை வைக்கக்கூடாது, அது எங்க தொழில்லயும் உண்டு. எழுதுறத விட்டு ஒதுங்கி இருந்த ராபோ கிறிஸ்துமஸ் அன்னைக்கு வந்து அந்த ஒட்டுற ஆளே கிங் ராபோன்னு எழுதுற மாதிரி மாத்திட்டுப் போய்ட்டாரு! நான் தனியா உக்காந்து சிரிச்சேன். 2014ல எறந்துட்டாரு பாவம்.

ஏலத்துல பேங்ஸி படம் கிழிஞ்ச கதை ஊருக்கே தெரியும், 2018ல பத்து லட்சம் பவுண்டுக்குப் போனது கிழிஞ்சப்புறம் 2021ல ஒண்ணே முக்கால் கோடிக்கு மேல போச்சு, எனக்கு அதெல்லாம் பணக்காரன் வெளையாட்டு. சவுத்தாம்ப்டன் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தான் பாரு ஒரு படம், கொரோனா நேரத்துல, சின்னப் பையன் பேட்மேன் ஸ்பைடர்மேன் எல்லாத்தையும் கூடையில போட்டுட்டு நர்ஸ் பொம்மைய வச்சு வெளையாடுறான். அத நாலஞ்சு தடவ பாத்துருப்பேன். அதுல அவன் யாரு மாதிரியும் இல்ல, எலியும் இல்ல, கேன்வாஸ்ல ஆயில் பெயிண்ட்ல போட்டது, கிட்டத்தட்ட எல்லாமே கறுப்பு வெள்ளை.

ஃபிளெக்ஸ் வந்தப்புறம் மூட்டை கட்டி வச்ச என் சாமானெல்லாம் பரண்லருந்து எறக்கிட்டேன். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஏழெட்டு தேறும், அட்டைய விட அதுதான் நல்லா வெட்ட வரும், வளைஞ்ச சுவத்துலயும் ஒட்டி நிக்கும். வட்டம் வர்ற எடத்துல உள்ள இருக்குறது உதிந்துறாம குறுக்க ஒரு பட்டை விட்டு வெட்டு, உன் போன படத்துல அத விட்டுட்ட, கண்ணுக்குள்ள வெள்ளை இல்லாமப் போச்சு. முறுக்கு பார்சல்ல அடியில வச்சு விடுறேன், யாரோட எக்ஸ்ரேன்னு கேக்காத, ஒண்ணு உங்க தாத்தாவோட முழங்கால்.

அப்பா