செனட்டர் கேம்பெலுக்கு ஒரு சிலை வேண்டும்

மதிப்புக்குரிய ஜார்ஜியா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 1868 செப்டம்பரில் உங்கள் அவைகள் நிறத்தைக் காரணம் காட்டிக் கறுப்பின உறுப்பினர்களை வெளியேற்றியதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் எல்லோருக்குமாகச் சட்டமன்ற வளாகத்தில் ஒரு சிற்பம் இருக்கிறது. அதற்கு நன்றி. ஆனால் அவர்களில் ஒருவருக்குத் தனியாகவே கடன்பட்டிருக்கிறீர்கள். செனட்டர் ட்யூனிஸ் கேம்பெலுக்கு அங்கே ஒரு சிலை வையுங்கள்.

வெளியேற்றியதோடு அவரை விட்டீர்களா? 1870-இல் மறுபடி அவைக்கு வந்தார். ஜார்ஜியாவின் மெக்கின்டாஷ் கவுண்டியில் (மாவட்டத்தில்) அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான மக்களுக்கு நிலம் கிடைக்கப் பாடுபட்டார். நீதிபதியாக இருந்து, அதுவரை நீதிமன்றப் படி ஏறவே பயந்தவர்களின் வழக்குகளைக் கேட்டார். ஒரு வெள்ளையரைத் தவறாகச் சிறையில் அடைத்தார் என்று அவர்மீதே வழக்குப் போட்டார்கள். தண்டனையும் வாங்கிக் கொடுத்தார்கள். 1876-இல், 63 வயதில், கைதியாக ஒரு தோட்ட முதலாளியிடம் குத்தகைக்கு விடப்பட்டார். உங்கள் அவையில் உட்கார்ந்து சட்டம் இயற்றியவரை, அதே மாநிலம் ஏறக்குறைய ஒரு வருடம் தோட்ட வேலைக்கு வாடகைக்கு விட்டது. தண்டனை முடிந்ததும் ஜார்ஜியாவை விட்டே போனார். 1891-இல் பாஸ்டனில் இறந்தார்.

இதைப் படித்துவிட்டு வளாகத்தில் குதிரைமேல் சிலையாக அமர்ந்திருக்கும் ஜான் கோர்டனை, அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்தரப்புத் தளபதியை, பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கைதிகளைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனிகளில் ஒன்றில் அவரும் பங்காளி. குத்தகைக்கு எடுத்தவருக்கு 1907-லேயே சிலை வந்துவிட்டது. விடப்பட்டவருக்கு ஒன்றுமில்லை. 2019-இல் பழைய நினைவுச் சின்னங்களை அகற்ற முடியாதபடி சட்டத்தை இறுக்கினீர்கள். கல்லுக்குக் காட்டிய அந்த அக்கறையில் கொஞ்சம் மனிதருக்கும் காட்டக்கூடாதா? ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் எத்தனையோ தீர்மானங்களை நிமிடங்களில் நிறைவேற்றுகிறீர்கள். பாராட்டும் வாழ்த்தும் யாருக்கெல்லாமோ போகின்றன.

சரி, கோபத்தில் அதிகம் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாநிலத்தில் வரி கட்டி வாழும் ஒரு தமிழனாகப் பணிவோடு கேட்கிறேன். கேம்பெலுக்குச் சிலை வையுங்கள். அதன் அடியில் செனட்டர் என்ற பதவியோடு, 1876-இல் மாநிலம் அவரைக் குத்தகைக்கு விட்டதையும் மறைக்காமல் பொறியுங்கள். அடுத்த கூட்டத்தொடரிலேயே இதற்கான தீர்மானத்தைத் தயவுசெய்து கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
அட்லாண்டாவில் வசிக்கும் ஒரு தமிழன்