பாறையின் மூக்கில் குடியேறியவர்கள்

சென்னை,
தை மாதம்

அன்புள்ள நண்பா,

இங்கே அனைவரும் நலம். அங்கேயும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மா எப்படி நடக்கிறார்கள் என்பதை மட்டும் மறக்காமல் எழுது. நான் கடிதமே போடுவதில்லை என்று கேப்டனிடம் குறைபட்டுக்கொண்டாயாம். அவன் அதை ஒன்றுக்கு மூன்றாக்கி என்னிடம் ஒப்பித்துவிட்டான். திட்டு முழுவதும் சேதாரமின்றி வந்து சேர்ந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் ஏறிப் பழகிய மொட்டைக் கிழவன் பாறையின் மூக்கில், அதாவது அந்த முன்துருத்தலில், மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறது.

சென்ற ஞாயிறன்று அக்கா மகனும் அவனுடைய அலுவலக நண்பர்களும் என்னை அங்கே அழைத்துச் சென்றார்கள். அழைத்துச் சென்றார்கள் என்பது மரியாதைக்கு. வழி தெரியாததால் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார்கள் என்பதே உண்மை. எல்லோரும் நகரத்துக்குள் செயற்கைச் சுவரில் ஏறிப் பழகியவர்கள். விரல் வலு அபாரம். நீ ஒரு கோடை முழுவதும் முக்கி முனகிக்கொண்டிருந்த அந்தக் குறுக்கு நடையை, பாறையில் பக்கவாட்டாக நகரும் அந்த வழியை, அவர்களில் ஒல்லியான ஒரு பெண் பேசிக்கொண்டே கடந்துவிட்டாள். உனக்கு வருத்தமாக இருக்கும் என்றுதான் இதை முதலில் எழுதுகிறேன்.

ஆனால் அவர்களுக்குப் பாறை தெரியவில்லை. சுவரில் பிடி என்பது திருகாணி போட்டு முடுக்கிய ஒன்று. அது கையோடு வராது. இங்கே வரும். நமக்கு ஏறக் கற்றுத்தந்த வாத்தியார் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு கல் தகட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாரே, அதை நான் செய்தபோது பையன்கள் சிரித்தார்கள். பிறகு தெற்கு முனையில் ஒருவன் இழுத்துப் பார்த்த தகடு, உள்ளே காற்றோட்டம் இருக்கும் அந்தப் பொள்ளல் ஓசையோடு அசைந்தது. அதன் பின்னர் சிரிப்பு நின்றது. வெயிலும் மழையும் பட்டு மேல்தோல் உரிந்துகொண்டே இருக்கும் கல் அது. போதாததற்குப் பழைய கல்குவாரிக்காரர்கள் வெடி வைத்த பக்கம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத விரிசல். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு நம் பல்லாவரத்துக் கல்தான் போயிற்று என்றும், அதனால்தான் 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லுக்கு சார்னோகைட் என்று பெயரிட்டார் என்றும் வாத்தியார் ஒவ்வொரு முறையும் சொல்ல, நாம் ஒவ்வொரு முறையும் கொட்டாவி விட்டோம். அந்தக் கதையை ஒரு வார்த்தை விடாமல் நானே இவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள், வயது ஏறிவிட்டது.

இனி தேனீ. மூக்குக்கு அடியில் மழை படாத அந்தச் சாய்வில் மூன்று தேனடைத் தட்டுகள் தொங்குகின்றன. பெரியது ஏறக்குறைய மூன்றடி அகலம் இருக்கும். 'கேப்டன் வழி' என்று நாம் சொல்லும் ஏறுபாதையின் கடைசிப் பிடிக்கு நேர் மேலே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் அது இருக்கிறது. பொந்துத் தேனீயைப் போல மறைவில் வாழ்வதல்ல இது. ஒரு கூட்டத்துக்கு ஒரே அடை, வெட்டவெளியில், அதன்மேல் தேனீக்களே பல அடுக்காகப் போர்வை போர்த்தியிருக்கும். பக்கத்துப் பாறையில் ஏறி, இருபதடி தூரத்திலிருந்து நெடுநேரம் பார்த்தேன். தேனீயைப் பிடித்துத் தின்னும் பெரிய குளவியான கதண்டு ஒன்று அருகே பறந்து வந்தது. உடனே ஒரு மூலையிலிருந்த தேனீக்கள் வயிற்றை மேலே தூக்கி இறக்கின. அடுத்தவை அதைப் பிடித்துக்கொண்டன. பட்டுப் புடவையை உதறும்போது ஓடும் மடிப்பைப் போல ஒரு பளபளப்பு தட்டு முழுவதும் ஓடி மறைந்தது. கதண்டு சற்றுத் தயங்கியது. மறுபடியும் அலை. கதண்டு போயே போய்விட்டது. நாம் இத்தனை வருடம் அந்த மூக்கின் கீழே மூச்சுவாங்கிக் கிடந்தும் இப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை.

காட்சி அழகுதான்; ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. மலைத்தேனீ துரத்தினால் தரையில் இருப்பவன் ஓடலாம். அதுவும் சில நூறு மீட்டர் வரை விடாமல் வரும். கயிற்றில் தொங்குபவன் எங்கே ஓடுவான்? அவனை இறக்க வேண்டியவன் கீழே கயிறு பிடித்து நிற்பவன். அவன் முகத்திலும் கொட்டிக்கொண்டிருக்கும்போது, கையை எடுக்காமல், நிதானமாக, அறுபதடி உயரத்திலிருந்து நண்பனை இறக்க வேண்டும். கை அனிச்சையாகக் கண்ணை மறைக்கப் போகும் அந்த நொடியில் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். தானே பூட்டிக்கொள்ளும் கிரிகிரி போன்ற கருவி ஓரளவு காப்பாற்றும். ஆனால் கயிறு பூட்டிக்கொண்டால் மேலே இருப்பவன் விழமாட்டானே தவிர இறங்கவும் மாட்டான். கூட்டுக்குப் பக்கத்திலேயே தொங்குவான். இதைச் சொன்னபோது பையன்கள் முதன்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதோடு ஒரு கொட்டோடு விஷயம் முடிவதில்லை. கொடுக்கு தோலிலேயே தங்கி நஞ்சை இறக்கிக்கொண்டிருக்கும். அங்கிருந்து கிளம்பும் வாசனை மற்ற தேனீக்களுக்கு இலக்கைக் காட்டும். பழுத்த வாழைப்பழத்தின் மணத்தை ஒத்த வாசனையாம் அது. கேப்டன் இனிமேல் மலைக்கு வாழைச் சீப்போடு வருவதை நீயே சொல்லி நிறுத்து, நான் சொன்னால் பொறாமை என்பான். நாம் சத்தமே போடாமல் ஏறினாலும் பயனில்லை. தேன்பருந்து ஒன்று வந்து அடையைக் கொத்திவிட்டுப் போனால், அந்தக் கோபம் கீழே யார் இருக்கிறார்களோ அவர்கள் தலையில்தான் விடியும். குவாரித் தண்ணீரில் குதித்துவிடலாம் என்று ஒரு பையன் யோசனை சொன்னான். மூச்சுக்கு மேலே வரும்வரை அவை அங்கேயே வட்டமிடும் என்றேன். நீச்சல் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம்.

உன் குளவிக் கதையை நாங்கள் இன்னும் மறக்கவில்லை; உன் மூக்கு வீங்கிய படம் கேப்டனிடம் பத்திரமாக இருக்கிறது, உன் மகள் திருமணத்தில் பெரிதாக்கி வைப்பதாகத் திட்டம். ஆனால் இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாதே. அன்று முகத்தோடு நிற்காமல் உடம்பெல்லாம் தடித்து மூச்சு இரைத்தது எனக்கு நினைவிருக்கிறது. அப்படி ஒருமுறை வந்தவர்களுக்கு அடுத்த முறை அதைவிடக் கடுமையாக வரலாம். ரத்த அழுத்தம் சரிந்து, தொண்டை அடைத்து, அட்ரினலின் ஊசி உடனே போடாவிட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பாறையிலிருந்து ஊசி கிடைக்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று உனக்கே தெரியும். ஒவ்வாமை மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை எனக்கு எழுதினால்தான் உன்னை மறுபடியும் அங்கே கூட்டிப் போவேன். சண்டை போட்டுப் பயனில்லை.

இப்போது உண்மையான தலைவலி. பையன்களில் ஒருவன் கூட்டைக் கொளுத்திவிடலாம் என்கிறான். இரவில் பந்தம் கட்டி ஏற்ற ஆள் கிடைக்கும், சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் போதும், அடுத்த வாரமே ஏறலாம் என்று கணக்குப் போடுகிறான். இன்னொருவன் பூச்சிமருந்து அடிக்கலாம் என்கிறான். அடிவாரம் முழுவதும் காய்ந்த புல். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி மாண்ட பிறகும் காய்ந்த புல்லுக்கு நடுவே பந்தம் ஏந்தலாம் என்பவனிடம் என்ன பேசுவது? அதற்குப் பிறகுதான் காட்டுக்குள் மலையேற்றத்துக்கு அரசு விதிகளே வந்தன. நம் பாறை காப்புக்காடு அல்ல, வெறும் புறம்போக்கு. அதனால்தான் இத்தனை காலம் நம்மை யாரும் ஏனென்று கேட்கவில்லை. ஒரு தீ பற்றினால் அந்தக் கேள்வி அன்றே வரும்.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. இரவில் தீப்பொறியைத் துரத்திக் கீழே இறங்கிக் கூடிழந்த தேனீக்கள் விடிந்ததும் எங்கே போகும்? ஏரிக்கரையில் நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள் காலையிலேயே அங்கே இருப்பார்கள். பாறைக்கு அடியில் ஆடு மேய்க்கும் அந்தக் கிழவர் இருப்பார். நாம் திங்கட்கிழமை குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும்போது கொட்டு வாங்கப்போகிறவர்கள் அவர்கள்தான். இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. அக்கா மகன் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

அந்தக் கிழவரிடமே கேட்டேன். வேம்பும் புங்கமும் பூத்து ஓய்ந்தால் தானாகக் கிளம்பிவிடும், அதுவரை அந்தப் பக்கம் போகாதீர்கள் என்றார். இந்தத் தேனீ இடம் மாறும் இனம். பூ தீர்ந்தால் அடையை விட்டுவிட்டுக் கூட்டமாகப் புறப்படும். அடுத்த ஆண்டு அதே மூக்குக்குத் திரும்பி வந்தாலும் வரும். ஆகையால் ஏறுவதற்கு ஏற்ற தையும் மாசியும் அவற்றுக்கு, சுட்டெரிக்கும் வைகாசி நமக்கு! எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. உனக்கென்ன, பெங்களூரில் கால் வைத்த இடமெல்லாம் பாறை. சாவன்துர்கா ஒன்று போதும் ஆயுளுக்கு. பரங்கிமலையையே மலை என்று சொல்லிக்கொள்ளும் ஊரில் இருப்பவனுக்குத்தான் இந்த இழப்பு புரியும்.

ஆனால் கிழக்கு முகம் இருக்கிறது. மூக்கிலிருந்து அது பாறையின் முழு அகலத்துக்கு அப்பால், காற்று வீசும் பக்கத்துக்கு மறுபுறம். நாம் அங்கே போட்ட வழிகளில் எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. அடிவெடிப்பில் சுருட்டை விரியன் கிடந்து செதிலைத் தேய்த்து அரம் போடும் சத்தம் எழுப்பியதே, அது எந்த வெடிப்பு என்பதுகூடக் குழப்பமாக இருக்கிறது. வரைதாளில் நீ போட்டு வைத்த படம் உன்னிடம்தான் இருக்கிறது. அதை நன்றாகப் படம் பிடித்து அனுப்பு. இளசுகளுக்கு ஏற ஒரு இடம் காட்டிவிட்டால் கொளுத்தும் பேச்சு தானாக அடங்கும் என்பது என் கணிப்பு. தடை போட்டு அடக்க நினைத்தால் இரவோடு இரவாகப் போய்விடுவார்கள்.

படத்தின் மூலையில் ஊர்ப்பெயரும் பேருந்து எண்ணும் எழுதியிருப்பாய், அதை மறைத்துவிட்டு அனுப்பு. வழிகளுக்கு நீ வைத்த பெயர்களில் இரண்டையும் மறைத்துவிடு. கூட வருபவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய தொல்லை