எங்கள் அப்பத்தாவுக்குத் துணை நின்ற எல்லோருக்கும் நன்றி

சின்னாளபட்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கும் சொந்தபந்தங்களுக்கும் ஊர்மக்களுக்கும் வணக்கம்.

அப்பத்தாவின் முப்பதாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேரை எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. "நான் நர்ஸம்மா கையில பொறந்தவன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தீர்கள். அதற்கு மேல் வேறு அறிமுகம் வேண்டியிருக்கவில்லை.

காந்திகிராமத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மா தொடங்கிய கஸ்தூரிபா மருத்துவமனையில் பயிற்சி எடுத்தவர் அப்பத்தா. பிறகு அரசு வேலை, கிராம சுகாதாரச் செவிலியர். பையில் எப்போதும் ஓர் அலுமினியக் குழல் இருக்கும். அதைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துக் காதை ஒட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி சிசுவின் துடிப்பை எண்ணுவார். நிமிடத்துக்கு 120க்கும் 160க்கும் நடுவில் இருந்தால் "பிள்ளை சௌக்கியமா இருக்கு தாயி" என்பார். குறைந்தாலோ, அந்த வீட்டு ஆண்களைப் பேசவே விடமாட்டார். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு வண்டி கிளம்பியாக வேண்டும். ஓய்வு பெற்ற பின்னும் போலியோ சொட்டு மருந்து போடும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கே முகாமுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். இந்தியாவில் போலியோ ஒழிந்தது என்று 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்த அன்று, தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டு மிட்டாய் கொடுத்தார்.

அப்படி ஓடிக்கொண்டே இருந்தவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோயின. அந்த இரவில் 108 வண்டியோடு வந்த பைலட் தம்பியும் மருத்துவ உதவியாளர் தங்கையும் குறுகலான சந்துக்குள் ஸ்ட்ரெச்சரைப் பக்குவமாகக் கொண்டுவந்து ஏற்றியதை நாங்கள் மறக்கமாட்டோம். வீடு திரும்பிய பிறகு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வந்த சகோதரிகளுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. சர்க்கரை, பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்ததோடு அவர்கள் கிளம்பிவிடவில்லை. கை விரல்களை ஒவ்வொன்றாக நீவி விரித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அப்பத்தாவின் பழைய கதைகளைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பேச்சு குழறினாலும் அவர்களிடம் அப்பத்தா அத்தனை பேசினார்!

எதிர்வீட்டு அக்காவும் பின்வீட்டுப் பெரியம்மாவும் தறியை நிறுத்திவிட்டு வந்து முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். தறி நின்றால் அன்றைய கூலி இல்லை என்பது ஊருக்கே தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். கடைசிவரை அப்பத்தாவின் உடம்பில் ஒரு படுக்கைப்புண் கூட வரவில்லை. இதை எழுதும்போது எங்களுக்குக் கண் கலங்குகிறது.

கண்தானம் அவருடைய நெடுநாள் விருப்பம். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் என்னென்ன செய்யணும் என்று எங்களுக்கு முன்பே பாடம் எடுத்திருந்தார்: இமைகளை மூடு, மேலே ஈரப்பஞ்சு வை, ஃபேனை நிறுத்து, தலைக்கு இரண்டு தலையணை வைத்து உயர்த்து. துக்கத்தில் நாங்கள் தடுமாறியபோது இவற்றையெல்லாம் நிதானமாகச் செய்தவர் தெருமுனை மருந்துக்கடை அண்ணன். விடிவதற்குள் வந்து, அப்பத்தாவைக் கும்பிட்ட பிறகே வேலையைத் தொடங்கிய கண் வங்கி குழுவினருக்கும் எங்கள் நன்றி.

பந்தல் போட்டவர்கள், வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்த மகளிர் குழு, வெளியூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்த அவருடைய பழைய சக நர்ஸ்கள், அமரர் ஊர்தி ஓட்டுநர் என யாரையும் நாங்கள் மறக்கவில்லை. யார் பெயராவது விடுபட்டிருந்தால், அன்றிருந்த நிலையைப் புரிந்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பத்தாவுக்காக வாங்கிய காற்று மெத்தை, சக்கர நாற்காலி, வாக்கர் மூன்றும் நல்ல நிலையில் வீட்டில் இருக்கின்றன. யாருக்குத் தேவையென்றாலும் வந்து எடுத்துப்போங்கள். வாடகை, முன்பணம் எதுவும் வேண்டாம். உங்கள் தேவை முடிந்ததும் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இப்படிக்கு,
நர்ஸம்மாவின் பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள்