நம் விசுவாசத்தின் வயதைப் பற்றி மகனுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான மகனுக்கு,

அம்மா எழுதுவது. உனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு நாள், பிற்பகல் தூக்கத்திலிருந்து எழுந்த நீ, வீட்டில் யாரையும் காணாமல் அறை அறையாகத் தேடிவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தாய். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த நான் இறங்கி வந்து கேட்டபோது, இரகசிய வருகை, அதாவது இயேசு இரகசியமாக வந்து தம்முடையவர்களைப் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளும் நாள், வந்துவிட்டது என்றும், உன்னை மட்டும் விட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டோம் என்றும் நினைத்ததாகச் சொன்னாய். உன்னை அணைத்துத் தேற்றியிருக்க வேண்டிய நான், "இதற்காகத்தான் எப்போதும் ஆயத்தமாயிருக்க வேண்டும்" என்று சொல்லி, உன்னை முழங்காலில் நிற்கவைத்து ஜெபிக்கச் செய்தேன்.

சென்ற மாதம் தொலைபேசியில் பேசும்போது, நாம் விசுவாசிப்பவற்றில் எது எந்தக் காலத்தில் வந்தது என்று நான் எப்போதாவது பார்த்ததுண்டா என்று கேட்டாய். இத்தனை வருடம் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தும் அதை நான் பார்த்ததில்லை. எல்லாம் ஒரே நாளில், ஒரே கையிலிருந்து, அப்போஸ்தலர்களிடமிருந்து நேராக நமக்கு வந்ததாகவே எண்ணியிருந்தேன். அதன் பிறகு வாசிக்கத் தொடங்கியதில், இரண்டு மூன்று காரியங்களை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்னும் திரியேகத்துவத்துக்கு வேதத்தில் ஆதாரம் எங்கே என்று நீ சிறுவயதில் கேட்டபோதெல்லாம் 1 யோவான் 5:7-ஐத்தான் உனக்குத் திறந்து காட்டுவேன். "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்" என்ற அந்த வரிக்கு மேல் கேள்வியே இல்லை என்று விரலை வைத்துச் சொல்லியிருக்கிறேன். அந்த வரி 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வாத்திக்கான் பிரதிகள் முதலான பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் எதிலும் இல்லை. அது லத்தீன் வழியாக வந்தது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-இலும் 1519-இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 1522-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்த்தார். அந்தக் கிரேக்கப் பாடத்தின் வழியே அது 1611-இன் ஆங்கில வேதாகமத்துக்கும், நம் கையிலிருக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்புக்கும் வந்து சேர்ந்தது. இதை அறிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்காகத் திரியேகத்துவமே பிற்காலத்துக் கற்பனை என்று நான் முடிவுகட்டவில்லை. நீயும் அவசரப்பட்டு அப்படி முடிவுகட்டக் கூடாது. கான்ஸ்டன்டைன் பேரரசன் 325-இல் நிசேயா நகரில் சபைத் தலைவர்களின் சங்கத்தைக் கூட்டி, வாக்கெடுத்து இயேசுவைத் தெய்வமாக்கினான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஏறத்தாழ 112-இல், கிறிஸ்தவர்களை விசாரித்த ரோம ஆளுநர் பிளினி, அவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, தெய்வத்துக்குப் பாடுவதுபோல் கிறிஸ்துவுக்குப் பாடுகிறார்கள் என்று பேரரசன் திராயானுக்கு எழுதியிருக்கிறான். அவன் நம்மவன் அல்ல. நமக்குச் சாதகமாக எழுத அவனுக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. நிசேயாவில் நடந்த வழக்கு, குமாரன் இல்லாதிருந்த ஒரு காலம் உண்டு என்று போதித்த ஏரியஸைப் பற்றியது. பிதாவும் குமாரனும் ஒரே தன்மையுடையவர்கள் என்பதைச் சொல்ல, வேதத்தில் இல்லாத ஒரு கிரேக்கச் சொல்லை அங்கே எடுத்தாண்டார்கள். ஆராதனையில் நாம் சொல்லும் நிசேயா விசுவாசப்பிரமாணமும் 325-இன் வாசகம் அல்ல. அது 381-இல் கூடிய கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தின் பெயரோடு சேர்ந்த விரிவான வடிவம். ஆக, வணக்கம் முந்தியது, அதை விளக்கும் சொற்கள் பிந்தியவை. சொற்களைத் தேடி அலைந்தவர்களின் பாடு எனக்கு இப்போது புரிகிறது, அவர்கள்மேல் மரியாதையும் கூடியிருக்கிறது.

மிகவும் பழையது எது என்று தேடினால் உயிர்த்தெழுதலில் போய் நிற்கிறோம். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 50-களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. சுவிசேஷங்கள் நான்கையும்விட முந்தியது. அதன் 15-ஆம் அதிகாரத்தில் பவுல், கிறிஸ்து மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, மூன்றாம் நாளில் எழுந்தார் என்பதைத் தாமே இயற்றியதாகச் சொல்லவில்லை, "நான் அடைந்ததும்" என்கிறார். எழுதுகிறவருக்கே அது முன்னோர் கொடுத்த சொத்து. ஐந்நூறு பேருக்கு மேல் அவரைக் கண்டார்கள், அவர்களில் அநேகர் இன்னும் இருக்கிறார்கள் என்றும் எழுதுகிறார்; வேண்டுமானால் போய்க் கேளுங்கள் என்பதுபோலவே எனக்கு அது கேட்கிறது. சரித்திரம் இந்த விசுவாசத்தின் வயதைத்தான் காட்டும். அது மெய்யா என்பதை நீதான் உன் உள்ளத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் 25 சுவிசேஷத்தில் இல்லை என்பதும், குழந்தை இயேசுவைக் காண வந்த சாஸ்திரிகள் மூவர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை என்பதும் உனக்குத் தெரிந்தவையே. அவை என்னை அசைக்கவில்லை.

என்னை அசைத்தது இரகசிய வருகைதான். கர்த்தர் மீண்டும் வருவார் என்பது ஆதிச் சபையின் நம்பிக்கை, அதில் ஐயமில்லை. ஆனால் சபை முதலில் இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும், மற்றவர்கள் உபத்திரவ காலத்துக்குக் கைவிடப்படுவார்கள், அதற்குப் பின்பே பகிரங்க வருகை என்று வருகையை இரண்டாகப் பிரித்துச் சொல்லும் போதனை, 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்பவரால் பரவத் தொடங்கியது. 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்ட் வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் அதை உலகெங்கும் கொண்டுபோயின. இருநூறு வயதுகூட ஆகாத ஒரு விளக்கத்தை அப்போஸ்தலரின் வாயிலிருந்து வந்ததைப்போல் உன் தலையில் ஏற்றினேன். அதிலும், நான் கற்பித்த எல்லாவற்றிலும் அதைத்தான் அதிக உறுதியோடு கற்பித்தேன்.

அதற்கு ஆதாரமாக நான் சொல்லிவந்த 1 தெசலோனிக்கேயர் 4:17-ஐ இப்போது நிதானமாக வாசித்தேன். "கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக" என்று இருக்கிறது. பவுல் ரோமாபுரியை நெருங்கியபோது, அங்குள்ள சகோதரர்கள் மூன்று சத்திரம்வரைக்கும் அவருக்கு எதிர்கொண்டு வந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் 28-இல் வருகிறதே, கிரேக்கத்தில் அதே சொல்தான் இங்கும். எதிர்கொண்டு போகிறவர்கள் வருகிறவரை அழைத்துக்கொண்டு ஊருக்குள் திரும்புவார்கள். வீட்டைக் காலியாக்கிவிட்டு ஓடிவிடுவதில்லை. தங்களில் மரித்துப்போனவர்களை எண்ணித் துக்கித்துக்கொண்டிருந்த ஒரு சிறிய சபைக்கு, ஏறத்தாழ 50-ஆம் ஆண்டில், பவுல் எழுதிய ஆறுதல் அது.

பதினேழாம் வசனத்தை உனக்கு எத்தனையோ முறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். அதற்கு அடுத்த வசனத்தை ஒருமுறைகூட வாசித்துக் காட்டியதில்லை. "ஆகையால், இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்." அன்று சமையலறையில் நான் செய்திருக்க வேண்டியது அதுதான். என்னை மன்னித்துவிடு, மகனே.

என்றும் உனக்காக ஜெபிக்கும்,
அம்மா