கடைக்காரர்கள் கவனத்துக்கு: தீபாவளிக் கூட்டத்துக்கு முன்

வணக்கம். போன தீபாவளிக்கு எங்கள் ஜவுளிக் கடையில் வேலை பார்த்த ஒரு பையனை, பழைய விலையைச் சொன்னதற்காக வாடிக்கையாளர் முன்னாலேயே அதட்டிவிட்டேன். சேலை மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. மறுநாள் அவன் வரவில்லை. தப்பு என்மேல்தான். விலை மாறியதை நான் யாரிடமும் சொல்லவே இல்லை.

இப்போது ஷட்டர் திறந்ததும் கல்லாப் பக்கம் பத்து நிமிஷம் நின்று பேசுகிறோம்: எந்த ரகத்துக்கு என்ன தள்ளுபடி, யார் எப்போது சாப்பாட்டுக்குப் போவது. கண்டிப்பதென்றால் குடோனில், தனியாக. போனஸ் எவ்வளவு, என்றைக்கு என்று இப்போதே சொல்லிவிடுங்கள். இழுத்தடித்தால் யாருக்கும் வேலையில் மனசு நிற்காது.

அப்புறம், ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்தாச்சு. ஸ்டூல் போட்டுவிட்டீர்களா?