உயிரோடு இருக்கும்போதே தூக்க நாலு பேர்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கும், எங்களோடு படித்துப் பழகிய எல்லா நண்பர்களுக்கும் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். படுத்த படுக்கையாகிவிட்டவர்களை ஒரு வாரம், பத்து நாள் வைத்துப் பார்த்துக்கொள்ள, நாலு கட்டில் போடக்கூடிய ஒரு வீட்டைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். வீடு கிடைத்துவிட்டது. முதல் வருஷத்தை ஓட்ட இன்னும் 6,45,000 ரூபாய் வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு: நாங்கள் பாளையங்கோட்டையில் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது நாசரேத், சாத்தான்குளம், திசையன்விளை, களக்காடு என்று ஊருக்கு ஒருவராக இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு கோயிலுக்குப் போகிறவர்கள். பாதிப் பேர் சி.எஸ்.ஐ., மூன்று குடும்பம் ஆர்.சி., இரண்டு பேர் பெந்தெகொஸ்தே சபை. ஞானஸ்நானம் தெளிப்பா முழுக்கா என்று யாராவது ஆரம்பித்தால் டீ ஆறிவிடும், பேச்சு முடியாது. சண்டை இல்லாத இடம் ஒன்று உண்டு. உயிர் கடவுள் கொடுத்தது, அதற்கு விலை போட நமக்கு உரிமையில்லை என்பதில் எல்லாரும் ஒரே கட்சி.

கருவில் இருக்கும் பிள்ளையைப் பற்றி நாங்கள் நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். 139ஆம் சங்கீதத்தை எடுக்காத மகளிர் கூட்டமே கிடையாது. அது முழுக்கச் சரி, அதில் எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் தாயின் கர்ப்பத்தில் நம்மைக் காத்தவர், பக்கவாதம் வந்து வாய் கோணிக் கிடக்கும் பெரியவரையும் அதே கண்ணால்தான் பார்க்கிறார். அந்தப் பெரியவர் வீட்டுக்குச் சபையிலிருந்து மாதம் ஒரு ஜெபக்கூட்டம் போகிறது. இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், காப்பி. எல்லாரும் எழுந்து போன பிறகு துணி மாற்றுவது அந்த வீட்டு மருமகள் ஒருத்திதான்.

உயிர் பரிசுத்தமானது என்று சொல்கிற வாய்க்கு, இராத்திரி இரண்டு மணிக்கு ஒருவரைப் புரட்டிப் படுக்க வைக்க இரண்டு கையும் வேண்டும். நாங்கள் வந்து சேர்ந்த இடம் அதுதான்.

ஆரம்பம் ரொம்பச் சின்னது. நண்பர் ஒருவரின் அப்பா இறந்தபோது, அவருக்காக வாங்கிய சாய்வுக் கட்டிலும் ஏர் பெட்டும் வீட்டில் மிஞ்சின. அதே வாரம் இன்னொரு நண்பரின் தெருவில் ஒரு பனையேறி மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு ஒடிந்துபோனார். கட்டில் அங்கே போனது. அப்புறம் அது நிற்கவே இல்லை. அந்தக் கட்டில் எத்தனையோ வீடு மாறிவிட்டது. அதோடு சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி, வாக்கர் என்று இரவல் சாமான்கள் ஓர் அறை முழுக்கச் சேர்ந்துவிட்டன. வாடகை கிடையாது. கழுவித் திருப்பித் தந்தால் போதும்.

சாமான் கொடுக்கப் போன இடத்தில்தான் மற்றதையெல்லாம் பார்த்தோம். தேரிக்காட்டு ஊர்களில் பனையேறி விழுந்தவர் இல்லாத ஊர் அபூர்வம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டால் வலி தெரியாது. ஒரே பக்கமாய்ப் படுத்திருந்தால் வால் எலும்பு மேல் தோல் சிவக்கும், பிறகு கறுக்கும், பிறகு குழி விழும். அவருக்குத் தெரியாது, வேட்டியில் கறை பார்த்துத்தான் வீட்டாருக்குத் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டினால் இதைத் தவிர்த்துவிடலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றால் இராத்திரியும் சேர்த்துத்தான்.

ஏர் பெட் கொடுத்தால் தீர்ந்தது என்று முதலில் நினைத்தோம். அந்த மெத்தையில் வரிசை வரிசையாகக் காற்றுக் குழாய்கள் இருக்கும். சின்ன மோட்டார் ஒன்று ஓடிக்கொண்டே ஒரு வரிசைக்குக் காற்றை ஏற்றும், அடுத்த வரிசைக்கு இறக்கும். உடம்பில் அழுத்தம் ஒரே இடத்தில் நிற்காது. கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், மெத்தை கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகிவிடும். அப்புறம் அவர் படுத்திருப்பது வெறும் ரப்பர் விரிப்பில். காற்றுக் காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் எப்படி என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் கீழே கணக்கில் இன்வெர்ட்டர் வருகிறது. கமிட்டிக்காரர்களுக்கு ஃபேன் சுற்ற இல்லை!

ஒரு வீட்டில் சாமானை இறக்கி வைத்துவிட்டு, "வேற என்னம்மா வேணும்?" என்று கேட்டோம். அந்தப் பனையேறியின் மனைவி, பீடி சுற்றிக் குடும்பம் நடத்துகிறவர், கையில் தட்டை வைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு ராத்திரி முழுசாத் தூங்கணும் அண்ணாச்சி. அது போதும்." கூடப் பிறந்தவள் மகள் கல்யாணத்துக்குக்கூட அவர் போகவில்லை. போனால் இங்கே புரட்டிப் போட ஆள் இல்லை.

நாலு கட்டில் வீடு என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. நோயாளியை நிரந்தரமாக விட்டுவிட்டுப் போகிற இடம் இல்லை இது. வீட்டார் கொஞ்சம் மூச்சு வாங்க, ஒரு கல்யாணத்துக்குப் போய்வர, தங்களுக்கே ஒரு ஆபரேஷன் என்றால் அதை முடித்துக்கொள்ள, பத்து நாள்வரை நாங்கள் பார்த்துக்கொள்வோம். பிறகு அவர் தன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். எங்கள் ஆசையும் அதுதான்.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில், கப்பர்நகூம் ஊரில் ஒரு திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தில் நுழைய வழியில்லை. கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அவனுடைய விசுவாசத்தை அல்ல, அவர்களுடைய விசுவாசத்தை இயேசு கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. நம் ஊரில் "சாகும்போது தூக்க நாலு பேராவது வேண்டும்" என்பார்கள். சாவுக்கு நாலு பேர் என்ன, ஊரே வந்துவிடும். அந்த விஷயத்தில் நம் சனங்களைக் குறை சொல்ல முடியாது. கப்பர்நகூமின் அந்த நாலு பேர் தூக்கியது உயிரோடு இருந்தவனை. அவர்களுக்கு ஒரு பேர்கூட எழுதப்படவில்லை. தூக்கி வந்தார்கள் என்ற ஒன்றைத் தவிர அவர்களுக்கு வேறு தகுதி இருந்ததாகவும் தெரியவில்லை.

"எழுந்திருக்கவே போவதில்லை என்று தெரிந்தவருக்கு இவ்வளவு செலவா?" என்று நல்ல மனதோடேயே சிலர் கேட்கிறார்கள். அவர்களைக் களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூர் வரை அழைத்துப் போகத் தோன்றும். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த பெண் குழந்தைகளை 1901 முதல் காப்பாற்றி வளர்த்த ஏமி கார்மைக்கேல் என்ற மிஷனரி, 1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்தார். அதற்குப் பிறகு 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலும் கட்டிலிலும்தான் வாழ்க்கை. ஏறக்குறைய இருபது வருஷம். அந்த அறையிலிருந்து அவர் எழுதிய புத்தகங்கள் உலகமெல்லாம் போயின. ஆனால் புத்தகம் எழுதியதால்தான் அந்த இருபது வருஷத்துக்கு மதிப்பு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஒரு வரிகூட எழுதாமல் படுத்திருந்தாலும் அவர் வளர்த்த பிள்ளைகள் அவரை அப்படியேதான் பார்த்திருப்பார்கள். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டதால், பறவைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு தொட்டி மட்டும் அங்கே இருக்கிறது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் எங்களுக்குள்ளேயே இது பேச்சானது. உயிரை மதிப்பது என்றால் கடைசி மூச்சுவரை குழாய் மாட்டி இழுத்துக்கொண்டே இருப்பது என்று நாங்கள் நினைக்கவில்லை. போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1957-லேயே சொல்லிவிட்டார், அளவுக்கு மிஞ்சிய சிகிச்சையை ஏற்றே தீர வேண்டும் என்ற கடமை நோயாளிக்கு இல்லை, வலியைக் குறைக்க மருந்து கொடுப்பதும் தவறில்லை என்று. ஆர்.சி. நண்பர் இதை எடுத்துச் சொன்னபோது மற்ற சபைக்காரர்களும் தலையாட்டினோம். உயிரை நாமாக முடித்துவைக்கவும் மாட்டோம், சாவை வீம்புக்குத் தள்ளிப்போடவும் மாட்டோம். புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு டாக்டர் மார்ஃபின் எழுதிக் கொடுத்தால், அதை நேரம் தவறாமல் கொடுப்போம். அந்த மருந்தை நாங்கள் இருப்பு வைக்க முடியாது. 2014-ல் போதைமருந்துச் சட்டம் தளர்ந்த பிறகும் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளிலிருந்துதான் வர வேண்டும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிநிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் இருக்கின்றன. வருகிற நர்சு அக்காமார் அருமையானவர்கள். அவர்கள் ஒரு தடவை வந்துபோனதற்கும் அடுத்த தடவை வருவதற்கும் நடுவில் உள்ள நாட்களைத்தான் நாங்கள் கேட்கிறோம். கேரளத்தில் இதை அக்கம்பக்கத்தார் செய்து காட்டியிருக்கிறார்கள். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வேலை, பிறகு ஊர் ஊராகத் தொண்டர்கள் கைக்குப் போய், ஊர்க்காரர்களின் சில்லறைக் காசும் சேர்ந்து ஓடுகிறது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா என்ன?

சரி, கணக்கு. வீடு, நண்பர் ஒருவரின் பூர்வீக வீடு. ஐந்து வருஷத்துக்கு வாடகையில்லாமல் எழுதிக் கொடுத்திருக்கிறார். சக்கர நாற்காலி நுழையும் அகலத்துக்கு வாசலை இடித்துக் கட்டவும், சாய்தளம் போடவும், பிடிகம்பியோடு கழிப்பறை கட்டவும் 3,10,000 ரூபாய். நாலு சாய்வுக் கட்டிலுக்கு 56,000. வீட்டுக்கும் இரவல் கொடுக்கவுமாக ஏர் பெட் பத்துக்கு 35,000. ஐந்து இன்வெர்ட்டர், பேட்டரியோடு, 1,00,000. தகுதியுள்ள நர்சு ஒருவருக்கு மாதம் 20,000, உதவிக்கு ஓர் அம்மாவுக்கு மாதம் 12,000; வருஷத்துக்கு 3,84,000. டயப்பர், சிறுநீர்க் குழாய் (கதீட்டர்), பஞ்சு, கையுறை, புண்ணுக்கான மருந்து எல்லாம் மாதம் 10,000 வீதம் 1,20,000. மொத்தம் 10,05,000. இதில் எங்களுக்குள் 3,60,000 சேர்த்துவிட்டோம். நர்சு சம்பளத்தை "ஊழியம்தானே" என்று குறைக்கச் சொன்னவர்கள் உண்டு. குறைக்க மாட்டோம். அடுத்தவர் உடம்பைக் கழுவுகிறவருக்கு அரைச் சம்பளம் கொடுத்துவிட்டு மனித மதிப்பைப் பற்றிப் பேசினால் கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

நோயாளிகளின் படம் ஏன் போடவில்லை என்று கேட்கிறார்கள். போட்டால் பணம் சீக்கிரம் வரும், தெரியும். போட மாட்டோம். நேரில் வாருங்கள், அவர்கள் சம்மதித்தால் உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள்.

எவ்வளவு கொடுப்பது? 1948-ல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் டேவிட் டாஸ்மா என்ற போலந்து நாட்டு யூத அகதி புற்றுநோயில் இறந்துகொண்டிருந்தார். கேட்க நாதியில்லாத மனிதர். தன்னிடம் வந்து பேசிக்கொண்டிருந்த சிசிலி சாண்டர்ஸ் என்ற கிறிஸ்தவப் பெண், இறப்பவர்களுக்கு ஒரு நல்ல இடம் கட்ட ஆசைப்படுகிறார் என்று தெரிந்து, அந்த வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருக்கிறேன் என்று 500 பவுனை எழுதிவைத்தார். அந்த இடம் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற பெயரில் திறக்க 1967 ஆனது. நாங்கள் அவ்வளவு காலம் எடுக்க மாட்டோம். ஜன்னல்தான் என்றில்லை; பிடிகம்பி, ஒரு மாத டயப்பர், ஒரு பேட்டரி என்று உங்களால் முடிந்ததைச் சொல்லி அனுப்பலாம். கைப்பிடி அரிசி எடுத்து வைக்கும் வீடுகள் அரிசியாகவே தரலாம். துவைத்த பழைய பருத்திச் சேலைகளும் வேட்டிகளும் எப்போதும் வேண்டும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுக்கிற சேகரத்து அண்ணாச்சிமாருக்கு நாங்கள் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாப் பணத்துக்கும் ரசீது உண்டு. 80ஜி சலுகைக்கு விண்ணப்பித்திருக்கிறோம், இன்னும் கிடைக்கவில்லை. வருமான வரிக் கழிவை எதிர்பார்த்துத் தருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துத் தரலாம். வெளிநாட்டு நன்கொடை வாங்கும் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு எங்களுக்கு இல்லை. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தாலும் இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம், திருப்பி அனுப்பும் வேலை பெரிய வேலை. நீங்கள் ஊருக்கு வரும்போது ஒரு இராத்திரி முறை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு எந்தப் பதிவும் தேவையில்லை.

வங்கிக் கணக்கு விவரம் இணைத்த தாளில் இருக்கிறது. வரவு செலவு மாதா மாதம் வீட்டு வாசல் பலகையில் ஒட்டப்படும். கழிப்பறை வேலையை லெந்து காலம் (தவக்காலம்) தொடங்குமுன் முடிக்க வேண்டும் என்று கொத்தனாரிடம் சொல்லி, முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. ஆகவே தருகிறவர்கள் கிறிஸ்துமஸ் செலவுக்கு முந்தியே எடுத்துவைத்துவிட்டால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
நாலு கட்டில் வீட்டு வேலைக் குழுவினர்